பதிவேட்டில் இல்லாத மண்டபம்

ஆற்றங்கரையில் ஒரு பழைய மண்டபத்தைப் பழுதுபார்க்கும் எங்கள் சங்கத்தின் ரொக்கப் புத்தகத்தில் முதல் செலவு 170 ரூபாய், கம்பித் தூரிகை இரண்டுக்கு. அந்தச் செலவே தப்பு என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

2018 அக்டோபரில் தாமிரபரணி புஷ்கர நீராட்டு விழா முடிந்து கூட்டம் கலைந்தபோது, அம்பாசமுத்திரம் வட்டாரத்திலுள்ள எங்கள் ஊர்ப் படித்துறையில் மூன்று மிஞ்சின. ஆற்றோடு விட்டுப்போன வேட்டி சேலைகள், பிளாஸ்டிக் தட்டுகள், பதினாறு கால் மண்டபத்தின் தூண்களில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த எனாமல் பெயிண்ட். முதல் இரண்டையும் டிராக்டரில் அள்ளினோம். மூன்றாவதைச் சுரண்டத்தான் தூரிகை வாங்கினோம். தென்மேற்குத் தூணில் ஒரு மீன் உருவம் உண்டு. அதன் மேலும் தேய்த்தோம். பெயிண்ட் போனது, கூடவே கல்லில் கீறல் விழுந்தது. பார்க்க வந்த கல்தச்சர் அண்ணாச்சி குனிந்து விரலால் தடவிவிட்டு, "செதில் உரித்தாயிற்று. குழம்பு வைப்பதுதான் பாக்கி" என்றார். பெயிண்ட் நீக்கும் பசையைத் தடவி ஊறவைத்து, மூங்கில் சிம்பாலும் தேங்காய் நாராலும் எடுக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த மீனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது.

நான் அந்தச் சங்கத்தின் பொருளாளர். கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். ஊரின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் எழுதவில்லை. எங்கள் மனு ஒன்று இன்னும் மேசையில் இருக்கிறது. மற்றபடி, ஏழு ஆண்டுகளில் அரசுப் பணம் எங்களுக்கு எப்படி வந்தது, எப்படி வராமல் போனது என்பதை வவுச்சர்களை வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

மண்டபத்தின் வயது

ஆற்றுப் பக்கம் பார்த்த உத்தரத்தில் ஒரு வரி வெட்டியிருக்கிறது. 'கொல்லம் ஆயிரத்து' என்பது வரை படிக்கலாம். அதற்குப் பிறகு யாரோ அப்பிய சிமென்ட். கொல்லம் ஆண்டு கி.பி. 825-இல் தொடங்குவது; திருநெல்வேலிச் சீமையில் மலையாளக் கரையைப் போலவே கல்லிலும் ஓலையிலும் இந்தக் கணக்கு நெடுங்காலம் புழங்கியது. கொல்லம் 1000 என்பது 1824-25. ஆகவே எங்கள் மண்டபத்துக்கு வயது இருநூறுக்குள், நூறுக்கு மேல். அந்த எண்ணை மறைத்த சிமென்ட்டைப் பெயர்க்கலாம் என்று சிலர் துடித்தார்கள். மீன் விஷயத்தில் பட்டது போதும் என்று நான் தடுத்துவிட்டேன்.

இந்த வயது விண்ணப்பப் படிவங்களுக்கு ஒத்துவராத வயது. அரசு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கோயில்களைச் சீரமைக்க 2022-23 முதல் ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் என்று ஒதுக்கியது. நாங்கள் எண்ணூறு ஆண்டு பின்தங்கிவிட்டோம். கிராமக் கோயில் திருப்பணிக்குக் கோயிலுக்கு 1 லட்சமாக இருந்த நிதி 2 லட்சமாக உயர்ந்தது. எங்களிடம் சாமி இல்லை. தீர்த்தவாரி நாளில் உற்சவர் வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். மீதி நாளெல்லாம் துணி காயும், ஆடு படுக்கும், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்கள் கட்டம் கீறித் தாயம் ஆடுவார்கள்.

1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் நூறாண்டு கடந்த கட்டடத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க இடம் தருகின்றன. அந்தக் கதவையும் தட்டினோம். தொல்லியல் துறையிலிருந்து வந்த அலுவலர் பொறுமையாகப் பார்த்தார், படமெடுத்தார், கூரையில் எங்கே தண்ணீர் இறங்குகிறது என்று எங்களைவிட நன்றாகக் கண்டுபிடித்தார். ஆனால் எல்லா மண்டபத்தையும் சின்னமாக அறிவிக்க முடியாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். ஊரிலும் எதிர்ப்பு இருந்தது. சின்னமாகிவிட்டால் நூறு மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று டீக்கடையில் பேச்சு. அந்த நூறு மீட்டர் தடையும் அதற்கப்பால் இருநூறு மீட்டர் கட்டுப்பாடும் 2010 திருத்தத்தின்படி மத்திய அரசின் சின்னங்களுக்கு உரியவை. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் எதிர்ப்பு மனுவில் முப்பது கையெழுத்து விழுந்துவிட்டது.

யாருடையது என்ற கேள்வி

நாங்கள் செய்த பெரிய பிழை, முதலில் பணம் கேட்டது. எந்த மேசைக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்த இடம் யார் பெயரில் இருக்கிறது?"

தமிழ்நாட்டில் பழைய கட்டடங்களுக்கான அரசுப் பணம் சொந்தக்காரரைத் தேடிப் போகிறது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களையும் அறநிறுவனங்களையும் நிர்வகிக்கும் அறநிலையத் துறையில் அந்தக் கோயில்களின் சொத்துப் பதிவேட்டில் உள்ளவற்றுக்கு வழி உண்டு. மண்டல அளவிலான குழு, மாநில அளவிலான வல்லுநர் குழு, உயர் நீதிமன்றம் அமைத்த குழு என்று படிப்படியாக ஒப்புதல் வாங்க வேண்டும். நேரம் ஆகும், ஆனாலும் மணல் பீய்ச்சித் தூணைத் தேய்த்த காலத்தோடு ஒப்பிட்டால் அந்தக் குழுக்கள் இருப்பது நல்லது என்றே சொல்வேன். தேவாலயம் என்றால் சிறுபான்மையினர் நலத்துறையின் பழுதுபார்ப்பு மானியம். பாளையங்கோட்டையில் 1785-இல் எழுந்த குளோரிந்தா ஆலயத்தைப் போன்ற பழைய கட்டடங்கள் இந்தச் சீமையில் உண்டு. மானியத்துக்குக் குறைந்தபட்ச வயது பத்து ஆண்டு. இருநூற்றுச் சொச்சம் வயதுள்ள சுண்ணாம்புச் சுவரும் பத்து வயதுக் கான்கிரீட் கூரையும் அந்தப் படிவத்தில் ஒரே வரிசையில் நிற்கும். அங்கும் சொந்தக் கட்டடமாக இருக்க வேண்டும். பள்ளிவாசலுக்கு வக்பு வாரியம். அரசுக் கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை.

எங்கள் மண்டபம் இவற்றில் எதிலும் இல்லை. தீர்த்தவாரிக்கு உற்சவர் வரும் கோயிலில் விசாரித்தால், "எங்கள் சொத்துப் பதிவேட்டில் படித்துறை மண்டபம் கிடையாது" என்று எழுதிக் கொடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டின் நகல் வாங்கினேன். அந்தப் புல எண்ணுக்கு எதிரே ஒரே சொல்: 'ஆறு'. குறிப்புப் பத்தி காலி. புல வரைபடத்தில் மண்டபத்துக்கு ஒரு சதுரம்கூடப் போட்டிருக்கவில்லை. அரசின் கண்ணுக்கு அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு என்றால் நீர்வளத் துறை. அங்கே போய்த் தடையின்மைச் சான்று கேட்டோம். சீரமைக்க நிதி கேட்கவில்லை, தடுக்காமல் இருந்தால் போதும் என்றோம். பதினான்கு மாதம் ஆனது. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதை நான் வாரம் ஒருமுறை பஸ்ஸில் பின்தொடர்ந்தேன்; அந்த டிக்கெட்டுகளே வவுச்சர் கோப்பில் ஒரு விரற்கடைத் தடிமன் இருக்கும். கடைசியில் வந்த கடிதத்தில் இரண்டு வரி. சீரமைப்பதில் ஆட்சேபணை இல்லை. சங்கம் எந்த உரிமையும் கோரக் கூடாது. இரண்டாவது வரி எங்களைப் பல இடங்களில் காப்பாற்றியது. உரிமை கேட்காதவன் என்று எழுத்தில் இருந்தால் அலுவலகங்கள் கொஞ்சம் இளகுகின்றன.

இதற்கிடையில் சங்கத்துக்கு உள்ளேயும் கோளாறு. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி 2019-இல் பதிந்தபோது, நோக்கங்கள் என்ற பகுதியில் 'கலை, பண்பாடு, சமூக நல்லிணக்கம்' என்று யாரோ கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதிவிட்டோம். பழைய கட்டடப் பாதுகாப்பு என்ற சொல் அதில் இல்லை. எங்கள் வேலையே அதுதான். பொதுக்குழு கூட்டி, சிறப்புத் தீர்மானம் போட்டு, மறுபடியும் பதிவாளர் அலுவலகம் போனோம். கொரோனா ஆண்டில் ஆண்டறிக்கை தாக்கல் செய்யத் தவறி அபராதமும் கட்டினோம். மானியம் தரும் இடங்கள் மூன்று ஆண்டுத் தணிக்கை செய்த கணக்கு கேட்பது வழக்கம் என்பதால், 2022 வரை எதற்குமே விண்ணப்பிக்க முடியவில்லை. அந்த மூன்று ஆண்டும் மண்டபத்தின் கூரையில் அரசங்கன்று மட்டும் எந்தத் தணிக்கையும் இல்லாமல் வளர்ந்தது.

மத்திய அரசின் கதவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996-இல் ஏற்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியம் நன்கொடைக்கு முழு வரிவிலக்கு தருகிறது. அதன் பணிகள் பெரும்பாலும் இந்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களைச் சுற்றியவை. 2017-இல் தொடங்கி 2023-இல் மாற்றி அமைக்கப்பட்ட 'பாரம்பரியச் சின்னத்தைத் தத்தெடுத்தல்' திட்டமும் அதே துறையின் சின்னங்களுக்குத்தான். அதிலும் கழிப்பறை, பாதை, விளக்கு, தகவல் பலகைதான் முக்கியம். கலாசார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியம் திட்டச் செலவில் 80% வரை தரும். மண்டபத்தையே அருங்காட்சியகமாக்கிவிடலாம் என்றார் எங்கள் துணைத் தலைவர். காட்சிக்கு வைக்க அப்போது எங்களிடம் இருந்தவை அந்த இரண்டு கம்பித் தூரிகைகள்தான்.

பெயர் பெற்ற இடங்களுக்குப் பணம் வருவதில் எனக்குப் பொறாமை இல்லை. 1876-இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிய ஆதிச்சநல்லூர், 2020 மத்திய பட்ஜெட்டில் ஐந்து முக்கியத் தொல்லியல் இடங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டதற்கு நாங்களும் இனிப்பு வாங்கினோம் (வவுச்சர் இல்லை, என் சொந்தக் காசு). 2021-இல் பொருநை அருங்காட்சியகம் அறிவிக்கப்பட்டபோதும் அப்படியே. ஆனால் ஆறு நெடுகிலும் நிற்கும் பெயரில்லாத மண்டபங்கள் அந்த வரிசையில் வருவதற்கு வழியில்லை.

ஒரு விளக்குக் கம்பம்

படித்துறைக்கு மட்டும் விடிவு வந்தது. அதற்குக் காரணம் ஒரு விளக்குக் கம்பம்.

முன்னொரு காலத்தில் பேரூராட்சி படித்துறையில் ஒரு விளக்குக் கம்பமும், பெண்கள் உடை மாற்றும் அறையும், இரும்புக் கைப்பிடியும் போட்டிருந்தது. செலவு செய்தால் சொத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றியபோது 'படித்துறை' என்ற சொல்லும் பதிவேட்டில் ஏறிவிட்டது. அதற்கு நான்கடி தள்ளி நிற்கும் மண்டபத்தில் பேரூராட்சி ஒரு ஆணியும் அடித்ததில்லை. ஆகவே அது ஏறவில்லை. ஒரே கல், ஒரே ஆறு. ஒன்று சொத்து, மற்றது வெற்றிடம்.

2022-இல் 'நமக்கு நாமே' திட்டத்தில் படித்துறைச் சீரமைப்புக்கு விண்ணப்பித்தோம். மதிப்பீடு 6 லட்சம் ரூபாய். மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும், 2 லட்சம். இந்தத் திட்டத்தைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும்: ஊர் தன் பங்கைக் கட்டிவிட்டால் அலுவலகம் அசைகிறது. இரண்டு லட்சத்தில் வாழைக்காய் மண்டிக்காரர் ஒருவர் 50,000 கொடுத்தார். மீதியில் பாதிக்கு மேல் நூறும் இருநூறுமாக வந்தது. வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்ப முன்வந்ததை நான் வாங்கவில்லை. குடியுரிமை மாறியவரிடம் வாங்கினால் வெளிநாட்டுப் பணச் சட்டம் குறுக்கே வரும். சண்டைக்கு வந்தார்கள். வந்தால் வரட்டும் என்றிருந்தேன்.

மதிப்பீடு போட வந்த இளம் பொறியாளர் நல்ல பிள்ளை. "சார், என் விலைப் பட்டியலில் சிமென்ட் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கடுக்காய் போட்ட சுண்ணாம்புக் கலவைக்கு நான் எங்கே போவேன்?" என்றார். படிகளுக்கு அதிகம் வாதாடவில்லை. பெயர்ந்த கருங்கல் பலகைகளைத் திரும்பப் பதிப்பதுதான் வேலை. அடியில் கான்கிரீட் போட்டார்கள். கல்தச்சர் அண்ணாச்சி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜூன் முதல் தேதி கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்கு எட்டு நாள் முன்பு வேலை முடிந்தது.

சுண்ணாம்பும் மார்ச் 31-உம்

மண்டபக் கூரைக்குச் சிமென்ட் வேண்டாம் என்பதில் நாங்கள் யாரும் இறங்கி வரவில்லை. காரணம் கண்ணெதிரே இருந்தது. எப்போதோ கூரையில் ஊற்றிய சிமென்ட் பூச்சு ஒரு பக்கம் ஓடாகப் பெயர்ந்து நிற்க, அதன் அடியில் நுழைந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் கல்லின் இடுக்கிலேயே நின்று, அரசமர வேருக்குத் தொட்டித் தண்ணீராக உதவியது. சுண்ணாம்பு நனையும், காயும், மூச்சு விடும். கல்லைவிட மென்மையானது, இடம் கொடுக்கும். சிமென்ட் இடம் கொடுக்காது, கல்லின் விளிம்புதான் உடையும்.

கல்தச்சர் அண்ணாச்சியும் ஒரு ஸ்தபதியும் சேர்ந்து போட்ட மதிப்பீடு 3,80,000 ரூபாய். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி ஊறவைப்பது, கடுக்காயும் கருப்பட்டியும் புளிக்கவைத்த தண்ணீர், செங்கல் ஜல்லி, சுருக்கி என்னும் செங்கல் தூள், மேலே இரண்டு வரிசை தட்டோடு. ஜல்லிக் கலவையைப் பரப்பிக் கட்டையால் நாள் கணக்கில் அடிக்க வேண்டும். கட்டை துள்ளித் திரும்பும்வரை அடி என்பது அவருடைய இலக்கணம். கடுக்காய்த் தண்ணீர் புளித்த வாடை அக்கரை வரை அடித்தது. கருப்பட்டி மட்டும் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது. கலவைக்குப் போனது பாதி, கருப்பட்டிக் காப்பிக்குப் போனது பாதி என்பது என் சந்தேகம். கணக்கில் எல்லாம் கலவை என்றே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பணத்தில் 2,50,000 ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வந்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், நிகர லாபம் 5 கோடி போன்ற வரம்புகளைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2% இப்படிச் செலவழிக்க வேண்டும் என்கிறது. ஏழாவது அட்டவணையில் வரலாற்றுக் கட்டடங்களைச் சீரமைப்பதும் உண்டு. அரசு நேரடியாகத் தராவிட்டாலும் அரசின் சட்டம் தரவைக்கும் பணம் இது. இதற்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, 2021 ஏப்ரல் முதல் இந்த நிதியைப் பெறுவோருக்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு எல்லாம் வேண்டியிருந்தன. வாங்கிவைத்திருந்தேன்.

ஆனால் பணம் ஒப்புதலானது பிப்ரவரியில். மார்ச் 31-க்குள் முடித்துப் படத்துடன் அறிக்கை தர வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தைப் பொங்கலுக்குப் பிறகுதான் இங்கே கூரை வேலை தொடங்க முடியும். சுண்ணாம்பு இறுக சித்திரை வரை விட வேண்டும். நிறுவனத்தின் பிரதிநிதி, "கொஞ்சம் சிமென்ட் கலந்தால் சீக்கிரம் காயும் இல்லையா?" என்று கேட்டார். அண்ணாச்சி பதில் சொல்லாமல் மட்டக்கோலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். கடைசியில், தொடர் பணி என்று வகைப்படுத்தினால் செலவழியாத பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து அடுத்த ஆண்டும் செலவிடலாம் என்ற விதியை நான் தேடி எடுத்துக் காட்டினேன். அவர்களுடைய தணிக்கையாளருக்கு அது தெரிந்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

மீதி 1,30,000-ஐ ஊரில் திரட்டினோம். ஏப்ரல் கடைசியில் கூரை முடிந்தது. நிறுவனம் வைத்த தகவல் பலகை மண்டபத்தின் தூணைவிட அகலம். நயமாகப் பேசி, உடை மாற்றும் அறைச் சுவருக்கு மாற்றினோம்.

வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய அந்த இரண்டு நாள்களை இந்தச் சீமையில் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் மண்டபம் கூரை வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்தபோது உள்ளே இடுப்பளவு வண்டல், ஒரு வேப்பமரம், யாருடைய வீட்டுக் கதவோ ஒன்று. கூரை நின்றது. கான்கிரீட் போட்ட படிகளும் நின்றன. அண்ணாச்சி அதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் மீன் தூணின் அடியில் மண் அரித்து, அஸ்திவாரக் கல் ஒரு முழம் வெளியே தெரிந்தது. தூண் சாயவில்லை, சாய யோசித்துக்கொண்டிருந்தது.

வெள்ளச் சேதக் கணக்கெடுப்பு வந்தது. சாலை, பாலம், பள்ளி, குடிநீர்த் தொட்டி எல்லாம் எழுதினார்கள். படித்துறையில் கைப்பிடி வளைந்ததும் ஏறியது. மண்டபத்தைக் காட்டினோம். "பதிவேட்டில் இல்லாத சொத்துக்குச் சேதம் எப்படிக் காட்டுவது?" என்றார் வந்தவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் வங்கியில் முப்பது ஆண்டு இதையே சொன்னவன். கணக்கு இல்லாதவருக்கு இருப்பு காட்ட முடியாது.

அன்று இரவு புரிந்தது, நாங்கள் கேட்க வேண்டியது சீரமைப்பு நிதியை விட்டு வேறொன்றை என்று. மறுவாரம் பேரூராட்சிக்கு ஒரு பக்க மனு கொடுத்தோம்: பொதுமக்கள் நலன் கருதிப் படித்துறை மண்டபத்தில் ஒரு மின்விளக்கு பொருத்தித் தர வேண்டும். ஒரு குழல் விளக்குக்கு யார் மறுப்பார்கள்? நீர்வளத் துறைக் கடிதத்தின் நகலை இணைத்திருந்தோம். கல்லில் துளை போடக் கூடாது என்று மட்டும் கெஞ்சிக் கேட்டு, உத்தரத்தைச் சுற்றிக் கவ்வும் தகட்டில் மாட்டவைத்தோம். அடுத்த நிதியாண்டின் சொத்துப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது: 'படித்துறை மண்டபம் – மின்விளக்கு 1'. மண்டபத்துக்கு அடையாள அட்டை கிடைத்தது, விளக்கின் பெயரில்.

அந்த வரியை வைத்து, தூணின் அடிமானத்தைக் கட்டப் பேரூராட்சியின் வழியாக மறுபடியும் மனு போட்டிருக்கிறோம். தாமிரபரணியையும் அதன் கரை மண்டபங்களையும் காப்பது பற்றிய பொதுநல வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனதிலிருந்து அலுவலகங்களில் நதிக்கரை மண்டபம் என்ற சொல்லுக்குக் காது நிமிர்கிறது. மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கான 2012-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆணையம் எங்கள் ஊர் வரை எட்டிப் பார்க்கும் நாள் வரட்டும். அதுவரை தூணுக்கு மணல் மூட்டை முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

வைப்பு

ஒரு விஷயம் பாக்கி. கூரை போட்டு ஓராண்டுக்குள் அரசங்கன்று மறுபடி முளைத்தது. பறவை எச்சத்தில் விதை வரும். இரண்டு இலை விடும்போதே பிடுங்கினால் செலவு ஒன்றுமில்லை, மூன்று மழைக்காலம் விட்டால் பலகையைத் தூக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை கன்று பிடுங்க, தட்டோட்டு இடுக்கை அடைக்க, வெள்ளத்துக்குப் பின் வண்டல் அள்ள, எங்கள் கணக்கில் சராசரி 17,500 ரூபாய். 7% வட்டிக்கு இரண்டரை லட்சம் வைப்பிலிருந்தால் இது தானாக வரும். நிறுவனம் கொடுத்ததும் இரண்டரை லட்சம்தான். ஆனால் ஒரு சங்கத்தின் மூலநிதிக்குக் கொடுப்பதைச் சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கிட முடியாது என்று 2021 ஜனவரியிலிருந்து விதி. நமக்கு நாமேயிலும் வைப்புக்கு இடமில்லை. எல்லாப் பணமும் ஒருமுறை வேலைக்கு. திறப்பு விழாவுக்கு மறுநாள் அது தீர்ந்துவிட்டிருக்கும்.

வைப்பு என்பது அரசுக்குத் தெரியாத வித்தையும் இல்லை. அறநிலையத் துறையின் ஒருகாலப் பூசைத் திட்டம் அப்படித்தான் ஓடுகிறது. வருமானமில்லாத கோயிலுக்கு ஒரு தொகையை வைப்பில் போட்டு வட்டியில் விளக்கெரிக்கிறார்கள், அந்தத் தொகையை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக்கியும் இருக்கிறார்கள். அதற்கும் முன்னால் போனால் எங்கள் வட்டாரத்திலேயே கல்லில் இருக்கிறது. அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டு வரகுண பாண்டியன் கல்வெட்டு: இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுத்து, முதல் குறையாமல், காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வீதம் 580 கலம் பொலிசையாக, அதாவது வட்டியாக, கோயில் செலவுக்கு அளக்கச் சொல்கிறது. பழுது பார்ப்பதற்கென்றே விட்ட நிலத்துக்குப் 'புதுக்குப்புறம்' என்று கல்வெட்டுகளில் தனிப் பெயரே உண்டு. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னால் இதற்குக் குறை நேர்ந்து அதைத் தீர்த்துக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரைப் பணிகிறேன் என்று பாடி வெட்டிவைத்தான். அந்தக் கோபுரம் பிறகு தீயில் சிதைந்து, பிளந்த மொட்டையாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்று, 1990-இல்தான் மறுபடி குடமுழுக்குக் கண்டது. அரசன் பணிந்தும் அத்தனை காலம் ஆனது. பொருளாளர் பணிந்து என்ன ஆகும் என்று எங்கள் துணைத் தலைவர் கேட்கிறார்.

மண்டபம், குளம், படித்துறை பார்க்கும் பதிவு பெற்ற சிறு சங்கங்களின் பெயரில், பேரூராட்சியும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற கட்டுடன், இரண்டு மூன்று லட்சம் வைப்பு. எங்கள் மனுவில் கேட்டிருப்பது அவ்வளவுதான். பழகிய உதவியாளர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "இதற்குத் தலைப்பு இல்லையே சார், எந்தக் கணக்குத் தலைப்பில் போடுவது?" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ரொக்கப் புத்தகத்தில் கடைசிப் பதிவு போன ஞாயிற்றுக்கிழமையுடையது. ஏணி வாடகை 150, டீ வடை 240, அரசங்கன்று வெட்டிய இடத்தில் தடவப் பெருங்காயம் 60. பெருங்காயம் வேலை செய்யுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "என் அப்பா தடவினார், நானும் தடவுகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் படியிறங்கினார். மண்டபத்தில் குழல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அணைக்கும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.